புதுமுகக் குவார்ட்டர்பேக்: உட்கார வைப்பதா, இறக்கிவிடுவதா, பிளேபுக்கை மாற்றுவதா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திக் கையால் பந்தை வீசுபவர்), தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓர் அணியின் பிளேபுக்குக்கு, அதாவது ஆட்டத்திட்டங்களின் ஏட்டுக்கு, பழகிக்கொள்வாரா என்ற விவாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத டிராஃப்ட்டை, அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை, ஒட்டித் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது ஆட்டக்காரரின் மூளையையும் தோளையும் பற்றிய பேச்சாகவே முடிந்துபோகிறது. அவரைத் தேர்ந்தெடுத்த அணி எந்த வழியில் அவரைப் பழக்கப்போகிறது என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. வழிகள் மூன்று. ஒரு மூத்த ஆட்டக்காரரின் பின்னால் ஓராண்டோ அதற்கு மேலோ உட்கார வைப்பது ஒன்று. முழு பிளேபுக்கையும் கையில் கொடுத்து முதல் வாரத்திலேயே இறக்கிவிடுவது இன்னொன்று. பிளேபுக்கையே அவர் கல்லூரியில் ஆடிய ஆட்டத்துக்கு நெருக்கமாக மாற்றி எழுதுவது மூன்றாவது.

இவற்றை எடைபோடுவதற்கு முன், கல்லூரிக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் இடையிலான பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லூரி அணிகள் பலவற்றில் ஹடில், அதாவது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் வட்டமாகக் கூடிப் பேசுவது, கிடையாது. பதினொரு பேரும் மைதான ஓரத்தைப் பார்த்துக் கைச்சைகையையோ படப்பலகையையோ படித்துக்கொள்கிறார்கள், எதிரணி நிற்கும் விதத்தைக் கண்டு பயிற்சியாளரே ஆட்டத்தை மாற்றியும் விடுகிறார். என்எஃப்எல்லில் 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரலைக் கேட்க ஒலிபெருக்கி இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அது அணைந்துவிடும். அதற்குள் காதில் விழுந்ததை மனத்தில் வாங்கி, ஹடிலில் பிசகாமல் ஒப்பித்து, வரிசைக்கு வந்து, எதிரணியின் நடு லைன்பேக்கர் (தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) யார் என்று சுட்டிக்காட்டி, பாய்ந்து வருபவர்களை யார் யார் மறிப்பது என்ற தனக்கான பாதுகாப்பு அரணைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இந்த ரேடியோ 2024இல்தான் முதல் பிரிவின் மேல்நிலை அணிகளுக்கு அனுமதிக்கப்பட்டது.

ஒப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பலரும் கேள்விப்பட்ட ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்: 'ஸ்பைடர் 2 ஒய் பனானா'. முதல் இரண்டு சொற்கள் பாதுகாப்பு அரணைச் சொல்கின்றன. மீதி, டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று பந்தையும் பிடிப்பவர்) வளைந்து மூலையை நோக்கி ஓடவேண்டிய பாதையைச் சொல்கிறது. ஆனால் ஃபுல்பேக் (குவார்ட்டர்பேக்கின் பின்னால் நிற்பவர்) பக்கவாட்டில் நழுவி ஓடி எளிய இலக்காக நிற்பார் என்பது அந்தப் பெயரில் இல்லவே இல்லை. அது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. இத்தனைக்கும் இது மிகச் சிறிய ஆட்டப்பெயர். அணிவகுப்பு, ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு) முந்தைய நகர்வு, மாற்று ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரே மூச்சில் சொல்லமுடியாத நீளத்துக்குப் போய்விடும்.

விதிகளும் உதவுவதில்லை. ஓட்டமா வீச்சா என்பதை ஸ்னாப்புக்குப் பிறகு முடிவு செய்யும் ஆர்பிஓ ஆட்டங்களில், முன்வரிசையில் நின்று மறிக்கும் கல்லூரி லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறலாம்; என்எஃப்எல்லில் 1 யார்டுதான். பந்து வைக்கப்படும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரி மைதானத்தில் 40 அடி இடைவெளி உண்டு, தொழில்முறை மைதானத்தில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் ஒரு பக்கம் பெரும்பாலும் திறந்து கிடக்கும். என்எஃப்எல்லில் தடுப்பாட்டக்காரர்கள் இரு பக்கமும் சமமாகப் பரவி, தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதைக் கடைசி நொடிவரை மறைத்துவைக்க முடிகிறது.

உட்கார வைப்பதற்கு வாதாடுபவர்கள் அனைவரும் முதலில் சொல்லும் பெயர் பேட்ரிக் மஹோம்ஸ். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரியிடம், வீச்சு மிகுந்த 'ஏர் ரெய்டு' ஆட்டம் ஆடியவரை, 2017 டிராஃப்ட்டில் 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறிவந்து கேன்சஸ் சிட்டி எடுத்தது. அந்தப் பருவம் முழுவதும் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் இருந்து, டென்வரில் நடந்த கடைசி ஆட்டத்தை மட்டும் தொடங்கினார். மறு ஆண்டு 5,097 யார்டு, 50 டச்டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றவை), லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. இதை மறுக்க முடியாதுதான். என்றாலும் இந்த உதாரணத்தோடு சேர்ந்துவரும் நிபந்தனைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்டி ரீட் என்ற பயிற்சியாளர் அசையாமல் இருந்தார். ஸ்மித் அதே பிளேபுக்கை நன்றாக ஆடிக்காட்டினார். அதோடு, கல்லூரி உத்திகளைத் தன் ஏட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ரீட் கூச்சப்பட்டதே இல்லை. அதாவது மஹோம்ஸ் ஓரளவு மூன்றாவது வழியின் பிள்ளையும்கூட.

உட்கார வைப்பதில் வெளியே தெரியாத ஒரு நட்டம் உண்டு. பருவம் தொடங்கிவிட்டால் பயிற்சியில் முதல் அணியின் ஆட்டங்கள் ஏறக்குறைய முழுவதும் தொடக்க ஆட்டக்காரருக்கே போகும். பின்னால் இருக்கும் புதுமுகம், அடுத்த வாரம் மோதப்போகும் எதிரணியின் ஆட்டங்களை அட்டையில் வரைந்து காட்டப்பட்டபடி தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஆடிக்காட்டுவார். தன் பிளேபுக்கைக் கூட்ட அறையில் கேட்கிறார், களத்தில் அடுத்தவனுடையதை ஆடுகிறார். கிரீன் பேயில் ஏரன் ராட்ஜர்ஸ் 2005இலிருந்தும் ஜோர்டன் லவ் 2020இலிருந்தும் மும்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள், இருவரும் தேறினார்கள். ஆனால் முதல் சுற்று ஆட்டக்காரரின் ஒப்பந்தம் 4 ஆண்டு, அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு என்ற 2011 ஏற்பாட்டுக்குப் பிறகு, மலிவான ஆண்டுகளில் மூன்றைப் பெஞ்சில் கழிக்கும் பொறுமை எந்த அணி உரிமையாளருக்கும் எளிதில் வராது.

முழு பிளேபுக்கோடு இறக்கிவிடுவது, கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவது. 1998இல் பெய்ட்டன் மேனிங் 28 இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சுகள்) கொடுத்தார். புதுமுகங்களில் இன்றுவரை அதுவே சாதனை. இண்டியானாபொலிஸ் 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த பருவத்தில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. இந்தக் கதையில் மேனிங்கின் உழைப்பைப் பாராட்டுபவர்கள், தாக்குதல் ஆட்டத்தை வகுத்த டாம் மூர் அவரோடு பத்தாண்டுக்கு மேல் அதே பொறுப்பில் இருந்ததைச் சேர்த்துப் படிப்பதில்லை. முதல் ஆண்டின் 28 தவறுகளும் எந்த ஏட்டில் நடந்தனவோ, அந்த ஏடே இரண்டாம் ஆண்டும் கையில் இருந்தது.

இதே வழியில் 2023இல் நேர்ந்ததை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். முதலிடத்தில் பிரைஸ் யங் கரோலைனாவுக்கும், இரண்டாமிடத்தில் சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டனுக்கும் போனார்கள். ஸ்ட்ரவுட் 4,108 யார்டு வீசி, 23 டச்டவுனுக்கு 5 இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்து, அணியைப் பிளேஆஃபுக்கு அழைத்துச் சென்றார். தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் பாபி ஸ்லோவிக் பருவம் முழுவதும் ஆட்டங்களை அழைத்தார். யங்குக்கோ ஆட்டங்களை அழைக்கும் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரீக்கிடமிருந்து தாமஸ் பிரவுனுக்குப் போய், மீண்டும் ரீக்கிடம் வந்து, 11 ஆட்டங்களில் ரீக் நீக்கப்பட்டதும் திரும்பவும் கைமாறியது. பந்தை வீசுவதற்குள் 62 முறை வீழ்த்தப்பட்டார். அணி வென்றது இரண்டே ஆட்டங்கள். இருவரின் திறமையிலும் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டை வைத்து யங்கால் தொழில்முறை பிளேபுக்கைப் படிக்க முடியவில்லை என்று தீர்ப்பெழுதியவர்கள், எந்த பிளேபுக்கை என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாவது வழிக்கு ஆதரவாகவும் எதிராகவும் சாட்சி சொல்பவர் ஒருவரே: ராபர்ட் கிரிஃபின். 2012இல் வாஷிங்டனில் தந்தையும் மகனுமான பயிற்சியாளர்கள் மைக், கைல் ஷனஹன் இருவரும் பிஸ்டல் அணிவகுப்பையும் (குவார்ட்டர்பேக் சற்றுப் பின்னால், ஓட்டக்காரர் அவருக்கு நேர் பின்னால்), அவர் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடிய ரீட்-ஆப்ஷன் ஓட்டத்தையும் தங்கள் ஏட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவர் பந்தைக் கொடுப்பாரா, தானே எடுத்து ஓடுவாரா என்று லைன்பேக்கர்கள் அரை நொடி தயங்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் வீச்சுக்கு இடம் திறந்தது. 20 டச்டவுன் வீச்சு, 5 இன்டர்செப்ஷன், 815 யார்டு ஓட்டம். அதே ஆண்டு முழுப் பாடத்தோடு இறங்கிய ஆண்ட்ரூ லக் 18 இன்டர்செப்ஷன் கொடுத்தார். பிறகு பிளேஆஃபில் கிரிஃபினின் முழங்கால் போயிற்று. 2013இல் அவரை நின்று வீசச் சொன்னபோது, கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் அப்படியே மிச்சமிருந்தன. அணி 3 ஆட்டங்களே வென்றது.

எனவே இந்த வழியின் ஆபத்து கால்களில் மட்டும் இல்லை. வளராத ஏட்டிலும் இருக்கிறது. 2024இல் அதே வாஷிங்டனில் ஜேடன் டேனியல்ஸ், கிங்ஸ்பரியின் கீழ், ஹடிலைப் பெரிதும் தவிர்த்து வேகமாக ஆடி, 12 வெற்றிகளோடு மாநாட்டு (லீகின் இரு பாதிகளில் ஒன்றின்) இறுதி ஆட்டம்வரை போனார். 891 யார்டு ஓடவும் செய்தார். அடுத்த பருவத்தில் காயங்களால் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை இழந்தார்.

இத்தனைக்குப் பிறகும் என் சாய்வு மூன்றாவது வழிக்கே, ஒரு நிபந்தனையோடு. முதல் ஆண்டில் கல்லூரி ஆட்டத்திலிருந்து பாதியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பு அரணை அமைக்கும் வேலையை முதல் வாரத்திலிருந்தே புதுமுகத்திடம் விட்டுவிட வேண்டும், சென்டர் (பந்தைப் பின்னால் கொடுக்கும் லைன்மேன்) மீது அதைச் சுமத்தித் தப்பிக்க விடக்கூடாது. மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) 8 யார்டு தேவை என்ற நிலை வந்தால் ரீட்-ஆப்ஷனும் ஆர்பிஓவும் பெரும்பாலும் செல்லாக்காசாகிவிடும். எதிரணிக்கு வீச்சு வரும் என்று தெரியும், யார் பாய்ந்து வருவார் என்று நமக்குத் தெரியாது. மூத்த ஆட்டக்காரரும் நிலையான பயிற்சியாளரும் ஒரே ஏட்டோடு இருக்கும் அணி, தாராளமாக ஓராண்டு உட்கார வைக்கட்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் பயிற்சியாளரிடம் முழு பிளேபுக்கோடு ஒரு புதுமுகத்தை ஒப்படைப்பதைத்தான் நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.