இடைநிலை ஆசிரியரா, பட்டதாரி ஆசிரியரா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஆசிரியர் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வயதுக் குழந்தையோடு நாள் முழுக்க இருக்கப் பிடிக்கும் என்பதை.

1 முதல் 5-ஆம் வகுப்பு வரை எடுக்கும் இடைநிலைக்கு பிளஸ் டூவுக்குப் பின் 2 ஆண்டு ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள். 6-ஆம் வகுப்பிலிருந்து எடுக்கும் பட்டதாரிக்கு டிகிரி, 2 ஆண்டு பி.எட்., இரண்டாம் தாள். தாளுக்கு 150 கேள்வி. பி.எட். மட்டும் வைத்து தொடக்க வகுப்புக்குப் போக முடியாது. 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது.

மூன்றாம் வகுப்பில் 'முந்நூற்று ஐந்து' எழுதச் சொன்னால் 3005 என்று வரும். காதில் விழுந்தபடி 300 போட்டு, பக்கத்தில் 5 போடுகிறது பிள்ளை. திட்டினால் திருந்தாது. பத்துப் பத்தாகக் குச்சி கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு நூறாக்கி, பத்தின் இடம் காலி என்று கையால் தொட வைக்க வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை உள்ளவர்தான் இடைநிலைக்கு ஏற்றவர்.

ஏழாம் வகுப்பில் சிக்கல் வேறு: −3 − 5 = 8 என்பார்கள். 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற மனப்பாடம்தான் காரணம். கடல்மட்டம் 0, 3 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் வலை இன்னும் 5 மீட்டர் இறங்கினால் எங்கே நிற்கும் என்று கேளுங்கள், −8 தானாக வரும். பாட ஆழம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் வருகை குறையலாம். அன்று புதுப் பாடம் தொடங்காதீர்கள். சின்ன வகுப்பில் விட்டுப்போன ஒரு நாளைப் பிடிப்பதுதான் கடினம். அதனால் கடற்கரைக்கு நல்ல இடைநிலை ஆசிரியரே அதிகம் தேவை என்பது எங்கள் கருத்து.