கம்பம் ஊர்ல ரேக் சர்வர் மாட்டிக் குடுத்த குமுளி டீம்: 5க்கு 4

ரேக் (சர்வர் மாதிரி சாமான மாட்டி வெக்கிற இரும்பு அலமாரி) வேலைய முன்னாடி நின்னு பாத்து நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க, பின்கதவத் தொறந்து பாருங்க, நம்ம குடுத்த காசு அங்கதான் இருக்கும். எங்க ஏலக்கா கடைக்கு ஒரு 2யூ (யூங்கிறது ரேக்ல உயரத்த அளக்குற கணக்கு) சர்வர் வாங்கினோம், அத மாட்டத்தான் குமுளியில இருந்து ஒரு சேட்டனும் கூட ஒரு பையனும் வந்தாங்க.

வந்ததும் பெட்டியத் தொடவே இல்ல, டேப்ப எடுத்து ரேக்கோட ஆழத்த அளந்தாங்க. செவுத்துல இருக்க பழைய ரேக் 600 மி.மீ., நெட்வொர்க் சுவிட்ச்சுக்கும் கேமரா டிவிஆருக்கும் போதும், ஆனா எங்க சர்வர் 700க்கு மேல, கதவே சாத்தாது. இதுலயே மாட்டிரலாம்னு வேற ஒருத்தர் கொறஞ்ச ரேட்டுக்கு கோட்டேஷன் குடுத்திருந்தார், எப்படி மாட்டிருப்பாரோ தெரியல. இவங்க 1000 மி.மீ. ஆழத்துல தரையில நிக்கிற ரேக் இருந்தாத்தான் கை வெப்போம்னு சொல்லிட்டுப் போயி மறுநாள் ரேக்கோட வந்தாங்க. லோயர் கேம்ப் ஏத்தத்துல லாரி நின்னு ரோடு அடைச்சிருச்சாம், மத்தியானம் ஆயிருச்சு. சரி, ஒரு போன் பண்ணக் கூடாதா? ஒரு ஸ்டார் அதுல போச்சு.

வேலைன்னா வேலதான். கனமான யூபிஎஸ் அடியில. ஒரு யூன்னா 44.45 மி.மீ. உயரம், ரேக் தூண்ல அதுக்கு மூணு ஓட்டை, ஆனா எல்லா இடைவெளியும் ஒண்ணு போல இருக்காது. பையன் கேஜ் நட்ட (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டையில மாட்டுற நட்டு) ஒரு ஓட்ட தள்ளி சொருகப் போனான், சேட்டன் உடனே, "டேய், எங்க கேப்பு சின்னதா இருக்கோ அங்கதான் ஒரு யூ முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குது, அதப் பாத்து எண்ணு"ன்னார். ஒரு ஓட்டை மாறுனா சர்வர் வழுக்கிப் போற ரெயில் சாஞ்சிரும், சர்வர் உள்ள போகாது.

கேபிள்தான் அசத்தல். பவர் ஒரு பக்கம், நெட்வொர்க் ஒரு பக்கம், பிளாஸ்டிக் டை போட்டு இறுக்காம எல்லாம் வெல்க்ரோ, ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் லேபிள். சர்வரோட ரெண்டு பவர் சப்ளையையும் ஒரே ஸ்ட்ரிப்ல சொருகல, ஒண்ணு புது யூபிஎஸ்ல, இன்னொண்ணு எங்ககிட்ட கெடந்த பழைய யூபிஎஸ்ல. கேபிளக் கொஞ்சம் நீளமா மடிச்சு விட்டிருக்காங்க, எதுக்குன்னு கேட்டதுக்கு பதிலே சொல்லாம ஓடிட்டிருக்க சர்வர ரெயில்ல முழுசா வெளிய இழுத்துக் காட்டுனார், அந்தப் பக்கம் பில் போட்டுட்டிருந்த பொண்ணு நிமிந்து கூடப் பாக்கல.

ரேட்டு கூடத்தான். அப்புறம் காலி யூவுக்கு மூடி போட மாட்டாங்க, நீங்களா கேட்டு வாங்கணும், இல்லன்னா பின்னாடி வர்ற சூட்டுக் காத்து அந்தச் சந்து வழியா முன்னாடி வந்து சர்வரே திருப்பி இழுத்துக்கும்.