புது பிராஞ்சுக்கு கம்பெனி கோடா, பிசினஸ் ஏரியாவா, பிராஃபிட் சென்டரா?

எஸ்ஏபி, அதாவது கம்பெனி கணக்கு வழக்கெல்லாம் ஓடுற சாஃப்ட்வேர், அதோட இம்ப்ளிமென்டேஷன்ல ஆரம்பத்துலயே வர்ற சண்டை இது. ஹெட் ஆபீஸ் கோயம்புத்தூர்ல, கொச்சியிலயும் பெங்களூர்லயும் பிராஞ்ச், இதுகளை சிஸ்டத்துல எதுவா வைக்கிறதுன்னு. உடனே ஒருத்தர் "தனி ஜிஎஸ்டி நம்பர் இருக்குல்ல, தனி கம்பெனி கோடே போட்டுடலாம்"பார். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

கம்பெனி கோடுன்னா சட்டப்படி தனியா நிக்கிற ஒரு கம்பெனி, அதுக்குன்னு முழு பேலன்ஸ் ஷீட்டும் பி அண்ட் எல்லும் வெளியில காட்டணும். கொச்சி பிராஞ்சுக்கு தனி பான் இல்ல, தனி இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் இல்ல. ஜிஎஸ்டில மாநிலத்துக்கு மாநிலம் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், கோவையிலருந்து கொச்சிக்கு நம்ம சரக்கையே அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான வரி) வரும், அதெல்லாம் சரிதான், ஆனா அதுக்குன்னே இந்தியாவுக்கான செட்டப்ல பிசினஸ் ப்ளேஸ்னு ஒன்னு இருக்கு, ஜிஎஸ்டிஐஎன்னை (ஜிஎஸ்டி நம்பரை) அதுல போட்டு பிளான்ட்டோட (சிஸ்டத்துல சரக்கு இருக்கிற இடம்) இணைச்சா போதும். இதை விட்டுட்டு தனி கம்பெனி கோடு போட்டா மாசாமாசம் டெப்ரிசியேஷன் (தேய்மானம்) ரன், வருஷக் கடைசில பேலன்ஸ் கேரி ஃபார்வர்டு எல்லாம் ஒவ்வொன்னுக்கும் பார்க்கணும், ஹெட் ஆபீஸ் கட்டின வாடகையை பிராஞ்ச் மேல போட்டாக்கூட ரெண்டு கம்பெனி கோட்லயும் டாக்குமென்ட் (கணக்குப் பதிவு) விழும், கடைசில எல்லாத்தையும் சேர்த்து, தங்களுக்குள்ள நடந்த கொடுக்கல் வாங்கலை எலிமினேட் பண்ணித்தான் ஒரே பேலன்ஸ் ஷீட் எடுக்கணும். ஒரே கம்பெனிக்கு எதுக்கு இவ்வளவு பாடு? அக்கவுன்ட்ஸ்ல உக்காந்திருக்கிற பசங்க பாவம்.

அப்போ மிச்சம் ரெண்டு. பிசினஸ் ஏரியான்னா கணக்கை தொழில் பிரிவு வாரியா பிரிச்சுக் காட்டுற ஒரு அடையாளம்; பழசு, சிம்பிள், பல கம்பெனி கோடுகளுக்கு குறுக்காவும் ஓடும். ஆனா அதுக்கு ஹையரார்க்கி (மேல கீழன்னு அடுக்குற வசதி) கிடையாது, நாளைக்கு "கேரளாவை மொத்தமா காட்டு, அதுக்குள்ள பிராஞ்ச் வாரியா காட்டு"ன்னா திணறும். எஸ்ஏபியும் அதை மேல மேல வளர்க்கல. ஏற்கெனவே ஓடிட்டு இருக்குன்னா ஓடட்டும், புதுசா போடுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு பிராஃபிட் சென்டருக்குத்தான், அதாவது லாப நஷ்டத்தை தனியா பார்க்க கம்பெனிக்குள்ளயே பிரிக்கிற ஒரு யூனிட். ஸ்டாண்டர்ட் ஹையரார்க்கில மாநிலம், பிராஞ்ச்னு அடுக்கலாம், எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும் செல்லும்னு போடலாம், அதோட மாஸ்டர்லயே (அதோட அடிப்படை விவரப் பதிவு) செக்மென்ட் குடுத்துட்டா லிஸ்டட் கம்பெனிக்கு இன்ட் ஏஎஸ் 108 (செக்மென்ட் வாரியா கணக்கு காட்டச் சொல்ற இந்திய கணக்கியல் தரம்) ரிப்போர்ட்டிங்குக்கும் உதவும். ஒரே ஒரு கண்டிஷன், டாக்குமென்ட் ஸ்ப்ளிட்டிங் (ஒரு பதிவோட எல்லா லைனையும் பிராஃபிட் சென்டர் வாரியா சிஸ்டமே பிரிக்கிறது) ஆன்ல இருக்கணும், இல்லன்னா செலவு லைன்ல பிராஃபிட் சென்டர் நிக்கும், வெண்டார் லைன்ல நிக்காது, பிராஞ்ச் வாரியா பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. அதை கோ-லைவுக்கு (சிஸ்டம் நிஜ வேலைக்கு வர்ற நாளுக்கு) முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அப்புறமா ஆன் பண்றது தனி பிராஜக்டே ஆகிடும்.

சிங்கப்பூர்ல ஒரு சப்சிடியரி தொடங்கினா கதை வேற, அது தனி கம்பெனி, கட்டாயம் தனி கம்பெனி கோடுதான், கரன்சி சிங்கப்பூர் டாலர். அதையும் நம்ம கன்ட்ரோலிங் ஏரியாவுலயே (செலவு, லாபத்தை உள்ளுக்குள்ள சேர்த்துப் பார்க்கிற அமைப்பு) வைக்கணும்னா ரெண்டுக்கும் ஒரே சார்ட் ஆஃப் அக்கவுன்ட்ஸ் (கணக்குத் தலைப்புகளோட பட்டியல்) வேணும், நிதியாண்டும் ஒத்துப்போகணும். அவங்க ஜனவரி-டிசம்பர், நம்ம ஏப்ரல்-மார்ச்னா சேராது, அதனால அங்க ரெஜிஸ்டர் பண்ணும்போதே நிதியாண்டு மார்ச்ல முடியுற மாதிரி வைக்க முடியுமான்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க.