கடைந்த ஷியாவா, வெளுத்த ஷியாவா? கானாவில் இருந்து வாங்கும்போது எதை எடுப்பது

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வேலைக்கு வந்து இது ஐந்தாவது வருடம். ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னால் போதும், சித்தி, அத்தை, கூட வேலை செய்கிறவர்களின் அக்கா தங்கைகள் வரை ஒரு பட்டியல் வந்துவிடும்: ஷியா பட்டர், கறுப்பு சோப்பு, கூடை, சுவரில் மாட்ட ஒரு முகமூடி. "நல்லதா பாத்து வாங்கிட்டு வா" என்பார்கள். அந்த நல்லது எது என்பதில்தான் சிக்கல். இங்கே ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று ரூபத்தில் கிடைக்கிறது, விலையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கிறது, பார்க்க அழகாக இருப்பது ஒன்றாகவும் உதவுவது வேறாகவும் இருக்கிறது. வாங்கி, பயன்படுத்தி, சிலதைக் கெடுத்தும் பார்த்த பிறகு என் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஷியா, அதாவது ஷியா மரத்தின் விதையில் இருந்து எடுத்துத் தோலுக்குத் தடவும் கொழுப்பு. இதில்தான் நிறையப் பேர் தவறாக வாங்குகிறார்கள்.

ஷியா மரம் செனகலில் தொடங்கி உகாண்டா வரை ஒரு நீண்ட வறண்ட பட்டையில் வளர்கிறது. கானாவில் வடக்கே டமாலே, போல்கடாங்கா பக்கம். தோப்பு போட்டு வளர்ப்பது குறைவு, காய்க்கவே பதினைந்து இருபது வருடம் ஆகும், அதனால் வயலுக்கு நடுவே தானாக முளைத்து நிற்கும் மரத்தைக் கூட உழவர்கள் வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். நம் இலுப்பைக்கு இது நெருங்கிய சொந்தம், இரண்டும் சப்போட்டா குடும்பம். இலுப்பையைப் போலவே இதிலும் விதைதான் எண்ணெய் தரும்.

டமாலேக்கு வெளியே ஒரு கிராமத்தில் இதை எடுப்பதை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். விதையை வேகவைத்துக் காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து, அரைத்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு விழுது வரும். அதை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் போட்டு, முழங்கை வரை கையை விட்டு, தண்ணீர் சேர்த்துச் சேர்த்துப் பிசைகிறார்கள். அரை மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் திடீரென்று நிறம் வெளுக்கத் தொடங்கி, மோரில் வெண்ணெய் திரளுவது போல வெள்ளையாக நுரைத்து மேலே வருகிறது. அதை வழித்தெடுத்து, கழுவி, நெய் காய்ச்சுவது போலக் காய்ச்சி, வடிகட்டி ஆறவைத்தால் ஷியா. எனக்கு இதைக் காட்டிய அம்மா பிசைந்துகொண்டே அடிக்கடி விழுதைத் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்தால் வெந்நீர், கூடினால் பச்சைத் தண்ணீர் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது, கைதான் அளவு.

இப்படிக் கையால் கடைந்து வருவது தந்தத்தின் நிறத்தில், கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி, புகையும் வறுகடலையும் சேர்ந்த வாசத்தோடு இருக்கும். இன்னொரு பக்கம் சுத்திகரித்த ஷியா: தூய வெள்ளை, வாசமே கிடையாது, வெண்ணெய் போல வழுவழு. ஆலையில் பெரும்பாலும் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, வெளுத்து, வாசம் நீக்கி எடுப்பது. ஏற்றுமதியாகும் ஷியாவில் பெரும்பங்கு தோலுக்கே போவதில்லை, சாக்லேட்டுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதியுள்ள ஆறு தாவரக் கொழுப்புகளில் ஷியாவும் ஒன்று. வாசம் நீக்குவது அந்தத் தொழிலுக்குத் தேவை, உங்கள் குதிகால் வெடிப்புக்குத் தேவையில்லை.

தோலுக்கு என்றால் என் ஓட்டு கடைந்த ஷியாவுக்குத்தான். காரணம் இருக்கிறது. எண்ணெயில் சோப்பாக மாறாத ஒரு சிறு பகுதி உண்டு. பல தாவர எண்ணெய்களில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும் இது, ஷியாவில் பல மடங்கு அதிகம். ஷியாவை மற்ற கொழுப்புகளில் இருந்து தனித்துக் காட்டுவதே அந்தப் பகுதிதான், சுத்திகரிக்கும்போது அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் என் தங்கைக்கு அந்தப் புகை வாசம் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாவைத் திறந்தாலே தலைவலி என்கிறாள். அவளைப் போன்றவர்களுக்கு வெள்ளை ஷியாவே சரி, மூடி வைத்திருக்கும் நல்ல பொருளைவிட தினமும் தடவுகிற சுமாரான பொருள் மேல். வீட்டிலேயே வாசனை எண்ணெய் கலந்து கிரீம் செய்பவர்களுக்கும் வெள்ளைதான் வசதி.

மஞ்சள் ஷியா என்று ஒன்று கண்ணைப் பறிக்கும். அது உயர்ந்த ரகம் என்று சொல்லி விற்பார்கள். கானாவில் பெரும்பாலும் அது ஒரு வேரைப் போட்டுக் காய்ச்சி வந்த நிறம். கெடுதல் இல்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. உகாண்டா, தெற்கு சூடான் பக்கத்து நிலோட்டிகா ஷியா வேறு கதை, அது உண்மையிலேயே வேறு கிளை. ஒலெயிக் அமிலம் அதிகம் என்பதால் இளகலாக, விரல் வைத்ததும் இறங்கிவிடும், வாசமும் மெல்லியது. முகத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். கைகால், முழங்கை, உதட்டுக்கு மேற்கு ஆப்பிரிக்க ஷியாவே தாராளம்.

நான் பட்ட பாடு ஒன்று. முதல் வருடம் சந்தையில் ஒரு கடையில் பெரிய உருண்டையாக, பிளாஸ்டிக்கில் சுற்றியதை வாங்கினேன். மூன்றாம் மாதம் மேலே பச்சைப் பூஞ்சை. சரியாகக் காய்ச்சாமல் உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. அதிலிருந்து வாங்கும்போதே நகத்தால் ஒரு கீறல் எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பார்க்கிறேன்: உடல் சூட்டில் உருகி, ஈரத்துளி எதுவும் பிரியாமல், வறுத்த வாசம் வந்தால் எடுப்பேன்; பழைய எண்ணெயின் காறல் வாசம் வந்தால் வைத்துவிடுவேன். மணல்மணலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நெய் மெதுவாக உறைந்தால் மணல் கட்டுவது போலத்தான் இதுவும். ஏறக்குறைய உடல் சூட்டுக்கே உருகிவிடும் பொருள் என்பதால் நம் ஊர் வெயிலில் உருகி உருகி உறையும், ஒவ்வொரு முறையும் மணல் கூடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, உடனே ஃபிரிட்ஜில் வைத்து வேகமாக உறையவிட்டால் மறுபடியும் வழுவழுப்பாகிவிடும். ஈரக்கையை மட்டும் டப்பாவுக்குள் விடாதீர்கள்.

கறுப்பு சோப்பு இதைவிட எளிது. கானாவில் அலாட்டா சமினா, பக்கத்து நைஜீரியாவின் யொரூபா மொழியில் ஓஷே டூடூ. கொக்கோ காய் ஓடு, வாழைக்காய்த் தோல் போன்றவற்றை எரித்த சாம்பலின் காரத்தில் பாமாயில், பாம் கொட்டை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவது. உண்மையானது கறுப்பாகவே இருக்காது! புட்டு பிசைந்த மாதிரி உதிரும், கருப்பட்டி நிறம், ஆங்காங்கே திப்பி. கன்னங்கரேல் என்று கண்ணாடி போல மின்னும் அச்சுச் சோப்பு பெரும்பாலும் சாதாரண சோப்பில் கரியோ நிறமோ கலந்தது. அது சோப்புப் பெட்டியில் நன்றாக உட்காரும், உண்மையான கட்டி சோப்பு உட்காராது, சாம்பல் காரத்தில் செய்த பொட்டாஷ் சோப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், கரைந்து ஓடும். நான் எடுப்பது கட்டிதான், ஆனால் நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி உருட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஒவ்வொன்றாக எடுக்கிறேன். கட்டியை முகத்தில் நேரே தேய்க்கக் கூடாது, சாம்பல் துணுக்கு கீறும். கையில் நுரைத்துவிட்டுத்தான் முகத்துக்கு. காரம் அதிகமான சோப்பு இது, வறண்ட தோல் உள்ளவர்கள் தினமும் போட்டால் தோல் இழுக்கும், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கூடைக்கு வருவோம். போல்கா கூடையா, ருவாண்டாவின் அகசெகேயா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும்.

போல்கா கூடை போல்கடாங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் பின்னுவது. யானைப்புல் என்று சொல்லி விற்கும் உயரமான புல்லின் தண்டைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து, உள்ளங்கையில் முறுக்கிக் கயிறு போலாக்கி, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்துப் பின்னுகிறார்கள். தூக்கும் பிடிக்கு ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ சுற்றுவார்கள். முறுக்கிய புல் என்பதால் நன்றாக வளையும். ஏற்றுமதிக்கு அப்பளம் போல நசுக்கித்தான் அடுக்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உருக்குலைந்து கிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்காதீர்கள். புல் பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, கையால் வடிவம் பிடித்து, உள்ளே துண்டைத் திணித்து நிழலில் காயவைத்தால் எழுந்து நின்றுவிடும். தோல் நனையக் கூடாது. காய்ந்து வெடிக்கும் தோல்பிடிக்கு அந்த ஷியாவையே ஒரு துளி தேய்த்துவிடுங்கள், என் கூடை நான்கு வருடமாகக் காய்கறி சுமக்கிறது.

அகசெகே நேர் எதிர். ருவாண்டாவின் தலைநகர் கிகாலி வழியாக ஒருமுறை வந்தபோது வாங்கினேன். புல் கற்றை ஒன்றைச் சுருளாகச் சுற்றிக்கொண்டே போய், அதன் மேல் கற்றாழை நாரை ஊசியால் இழுத்து இழுத்துத் தைப்பது. தையல் அவ்வளவு நெருக்கம், தடவினால் துணி மாதிரி இருக்கும். கூம்பு மூடி போட்ட அதன் உருவம் ருவாண்டாவின் தேசியச் சின்னத்திலேயே இருக்கிறது. இதை நனைக்கவே கூடாது, சாயம் ஓடும், வடிவமும் கோணும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும், நேர் வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். சந்தைக்குப் போகப் போல்கா, கல்யாணப் பரிசுக்கு அகசெகே.

மரம். கானாவில் குமாசிக்குப் பக்கத்தில் அஹ்வியா என்ற ஊர் முழுக்கச் செதுக்குகிறவர்கள். வெளிர் நிறத்து செசே மரத்தில் ஒரே கட்டையில் குடைந்து எடுக்கும் முக்காலிகளும் முகமூடிகளும் வரும். எடை குறைவு, மெருகு ஏற்றிக் கறுப்பாக்குவார்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கருங்காலி என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. அடிப்பாகத்தில் ஓரமாகச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். தான்சானியா, மொசாம்பிக் பக்கம் மக்கொண்டே மக்கள் செதுக்கும் ம்பிங்கோ என்ற கருமரமோ இரும்பு கனம், தண்ணீரில் மூழ்கும். அந்த மர இனம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பத்து கிலோவுக்குள் உள்ள செய்துமுடித்த பொருளுக்கு விலக்கு உண்டு என்றாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். "இது நூறு வருஷப் பழசு" என்று யாராவது சொன்னால் இரண்டு வழிகளிலும் வாங்கக் கூடாது. பொய் என்றால் காசு போகும். உண்மை என்றால் அது அந்த ஊரில் இருக்க வேண்டிய பொருள், வெளியே கொண்டுபோக அருங்காட்சியக வாரியத்தின் அனுமதியும் வேண்டும். செதுக்கியவரிடம் நேரே புதிதாக வாங்குவதில் இருக்கிற மரியாதை இதில் இல்லை.

என் முகமூடி ஒன்றின் கீழே தினமும் கோதுமை மாவு மாதிரி தூள் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வண்டு. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டேன், இல்லையென்றால் மரத்தில் நீர் வேர்க்கும். தூள் நின்றுவிட்டது. மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுக்கேறி தூசி ஒட்டும். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு போதும். ஏசி காற்று நேரே அடிக்கும் சுவரில் மாட்டினால் வெடிப்பு விடும்.

கானாவின் கென்டே துணி பற்றி இரண்டே வரி: தறியில் நெய்தது நாலு அங்குல அகலப் பட்டைகளை ஒட்டித் தைத்ததாக இருக்கும், தையல் தெரியும், பின்பக்கமும் நிறம் பளிச்சென்று இருக்கும், அச்சடித்ததின் பின்பக்கம் மங்கல். 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்த நெசவுதான். பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைப்பது போலவே இதையும் வைக்க வேண்டும்.

இந்த முறை பெட்டி கட்டியாயிற்று. முகமூடியைக் கென்டேயில் சுற்றி நடுவில், நசுக்கிய கூடைகள் இரண்டு பக்கமும், சோப்பு உருண்டைகள் டப்பாவில். ஷியாவை மட்டும் கைப்பையில் வைக்க முடியாது, 100 மில்லிக்கு மேல் போனால் திரவம் என்று சொல்லி விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பையில் போட்டு, பெட்டியின் அடியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.