குளிர்காற்றில் ஓடினால் கண்ணில் நீர் கொட்டுகிறதா? 15 டாலர் பாதுகாப்புக் கண்ணாடியை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

டொராண்டோவில் ஒன்டாரியோ ஏரிக்கரையை ஒட்டிய மார்ட்டின் குட்மேன் பாதையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ஏரிக்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று நீர் வழியும், பாதை மங்கிவிடும், கையுறையால் துடைத்துத் துடைத்து இமையோரம் எரியும். பாதையில் எது பனி, எது வழுக்குகிற ஐஸ் என்றே தெரியாது. ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் விலை கூடிய கண்ணாடி, நிறம் மாறும் கண்ணாடி, சொட்டு மருந்து, முன்விளிம்பு வைத்த தொப்பி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது நான் தினமும் போட்டுக்கொண்டு ஓடுவது ஹார்ட்வேர் கடையில் 15 டாலருக்குள் கிடைக்கிற, நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி. தச்சு வேலை, கட்டட வேலை செய்கிறவர்கள் போடுவார்களே, அதேதான்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமென்றால் கண்ணில் நீர் ஏன் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விழியின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. குளிர்காலக் காற்றில் ஈரப்பதம் குறைவு, அதோடு வேகமும் சேர்ந்தால் அந்தப் படலம் சீக்கிரமே காய்ந்துவிடும். கருவிழியில் குளிரை உணரும் நரம்பு முனைகள் உண்டு, அவை உடனே செய்தி அனுப்ப, கண்ணீர்ச் சுரப்பி தேவைக்கு மேல் நீரைக் கொட்டுகிறது. வழக்கமாக கண்ணின் உள்மூலையில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக அது மூக்குக்குள் வடிந்துவிடும் (ஓடும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்), ஆனால் வருகிற அளவுக்கு அந்தத் துளைகள் ஈடுகொடுக்க முடியாதபோது மிச்சம் கன்னத்தில் வழிகிறது. அதாவது கண் காய்வதால்தான் நீர் வருகிறது. அதனால் துடைப்பதில் பயனே இல்லை, காற்று கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில்தான் சாதாரணக் குளிர்கண்ணாடிகள் கோட்டை விடுகின்றன. முன்னால் வருகிற காற்றைத் தடுத்துவிட்டு, பக்கவாட்டிலும் புருவத்துக்கு மேலும் இருக்கிற இடைவெளி வழியாக உள்ளே விட்டுவிடும். நான் வாங்கிய விலை கூடிய ஜோடி ஒன்று பார்க்க அழகாக இருந்தது, எடையே தெரியாது, ஆனால் கன்னத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. ஹம்பர் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியவுடன் மேற்குக் காற்று அதற்குள் புகுந்து சுழலும். பாதுகாப்புக் கண்ணாடி தெறிக்கிற தூசிக்காகச் செய்தது என்பதால் நெற்றிப்பொட்டு வரை வளைந்து வந்து முகத்தோடு ஒட்டி நிற்கும். சிலவற்றில் உள்விளிம்பில் மெல்லிய நுரைப்பட்டை கூட இருக்கிறது, காற்றைத் தடுப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

நிறமில்லாமல் இருப்பதும் பெரிய வசதி. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே 7:45-க்கு மேல் ஆகிவிடும், மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் ஓடுவது பெரும்பாலும் இருட்டில்தான், அப்போது கறுப்புக் கண்ணாடி ஆபத்து. நிறம் மாறும் லென்ஸ் இதற்குத் தீர்வு என்பார்கள். பாதி சரி. குளிரில் அந்த லென்ஸ் வழக்கத்தைவிட அதிகமாகக் கறுக்கும், திரும்பத் தெளிய நேரமும் கூட எடுக்கும், அதனால் வெயிலிலிருந்து சட்டென்று பாலத்தின் அடி நிழலுக்குள் போனால் கொஞ்ச நேரம் திணற வேண்டியிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட், நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரை அது தடுத்துவிடும். பனி மேல் வெயில் பட்டுத் தெறிக்கிற நாளில் கூச்சம் மட்டும் இருக்கும், அன்றைக்கு அதே வகையில் சாம்பல் நிறம் போட்ட ஜோடி நல்லது.

குறை என்றால் ஆவி படிவதுதான். முகத்தோடு ஒட்டி இருக்கிற எதுவும் ஆவி பிடிக்கும், ஓடுகிறவரை பரவாயில்லை, சிக்னலில் நின்றால் அரை நிமிடத்தில் முழுதும் வெள்ளை. ஆவி படியாத பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பூச்சைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது: சட்டையால் தேய்க்கவே கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி அப்படியே உலர விடுங்கள். குளிருக்குக் கழுத்தில் மாட்டுகிற துணிப் பட்டியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டால் மூச்சுக்காற்று நேராகக் கண்ணாடிக்குள் ஏறும், அதனால் மூக்குக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பார்வைக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் மேலேயே போடுகிற பெரிய அளவும் கிடைக்கிறது, ஆனால் இரண்டு அடுக்கிலும் ஆவி படியும். அவர்களுக்கு இதை நான் அவ்வளவு தூரம் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. கிளம்புவதற்கு முன் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டுக்கொள்வது உதவும், குறிப்பாக கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு. அடிக்கடி விடுவதானால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற குட்டிக் குப்பிகளாக வாங்குங்கள், கான்டாக்ட் லென்ஸோடு விடலாமா என்றும் உறையில் பாருங்கள். கண் சிவப்பை எடுக்கும் சொட்டு வேறு, அது இந்தத் தொல்லைக்கு உதவாது. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலோ, வீட்டுக்குள் சும்மா இருக்கும்போதும் வடிந்தாலோ, வலி, சிவப்பு, பார்வை மங்கல் இருந்தாலோ கண்ணாடி வாங்குவதை ஒதுக்கி வைத்துவிட்டு கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கடையில் வாங்கும்போது கண்ணாடிக் காலில் அல்லது சட்டத்தில் Z94.3 என்ற கனடியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் போட்டுக்கொண்டு தலையை நாலு பக்கமும் ஆட்டுங்கள், ஒரு அட்டையை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து முகத்தை நோக்கி வேகமாக விசிறுங்கள். இமையில் காற்று பட்டால் அதை வைத்துவிட்டு அடுத்த அளவை எடுங்கள். ஓட்டத் தொப்பியையும் கையோடு கொண்டுபோவது நல்லது, காது மூடிய தொப்பிக்குள் கண்ணாடிக் கால் அழுத்துகிறதா இல்லையா என்பது அதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.