கலப்பட விசாரணை: உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பணி எப்படி?

கடலை எண்ணெயில் கலப்படம் இருப்பதாக நான் அளித்த புகாரை விசாரிக்க வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர், கடைக்காரரிடம் முதலில் எழுத்து மூலம் அறிவிப்பைக் கொடுத்து, எண்ணெய்க்கு உரிய விலையையும் செலுத்திய பிறகே மாதிரியை எடுத்தார். சோதனைக்கு வந்தவர் காசு கொடுப்பதைக் கண்டு கூடியிருந்தோர் வியந்தாலும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட்ட நேர்த்தி பாராட்டத்தக்கது: ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பகுதிகள் நியமன அலுவலருக்கும் (மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான மேலதிகாரி) செல்ல, எஞ்சிய பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றிருந்தும், அதன் முடிவை அறிந்துகொள்ள நான் இருமுறை அலுவலகப் படியேற நேர்ந்ததால், ஐந்தில் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டேன்.