கோடோ 4.4: லாரி ஓட்டிப் பார்த்தது

புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் ஏறும் லாரியை வைத்து ஒரு முப்பரிமாண விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டெல்லாம் கிடையாது. விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோவின் 4.4 பதிப்பு, 2025 மார்ச்சில் வந்தது, அதிலேயே ஓடுகிறது.

இதில் மனசுக்குப் பிடித்தது ‘கேம்’ பகுதி. விளையாட்டு இப்போது எடிட்டருக்குள்ளேயே ஓடும். கொண்டை ஊசி வளைவில் லாரி சாயும்போது அப்படியே நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, எந்தச் சக்கரம் முதலில் தரையை விட்டு எழும்புகிறது என்று கேமராவைத் திருப்பிப் பார்க்கலாம். இதற்கு முன் நிரலில் பிரிண்ட் போட்டு, வந்து விழும் எண்களைப் பார்த்தே கண் பூத்துவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், பாவம், இந்தப் பதிப்பில் அது தனி ஜன்னல்தான்.

பொருள்கள் மோதுவதையும் விழுவதையும் கணக்கிடும் ஜோல்ட் இயற்பியல் எஞ்சினும் கூடவே வருகிறது. தானாக இயங்காது, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் பாரம் ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஆடாமல் உட்கார்ந்தன.

தமிழ், மலையாளம் இரண்டிலும் பலகை வைக்க வேண்டும் எனக்கு. கோடோவின் பழைய 3.x பதிப்புகளில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 4.0-லேயே அது சரியாகிவிட்டது, இதிலும் ஒழுங்கு.

விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, வெப் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதி உண்டு, காசு இல்லை. ஆனால் நிரலை சி ஷார்ப் மொழியில் எழுதினால் வெப்புக்குப் போக முடியாது. பிரவுசரில் விட நினைப்பவர்கள் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டிலேயே தொடங்குங்கள்.